திங்கட்கிழமை மனு வாங்கும் கலெக்டர்

பருப்பு கொதித்துக்கொண்டிருந்தது. அடுத்த அறையில் வீடியோ ஓடிக்கொண்டிருந்தது.

எங்கள் தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் சமையல் கொட்டிலுக்கும் தரம் ஒன்பது வகுப்புக்கும் நடுவில் பாதிச் சுவர்தான். மேலே திறந்தபடி இருக்கும். எங்கள் புகை அங்கே போகும். அவர்கள் பாடம் இங்கே வரும். டிவியைச் சுவரின் அந்தப் பக்கம் சாத்தி வைத்திருந்தார்கள். எனக்குப் படம் தெரியாது. குரல் மட்டும் கேட்கும்.

பிள்ளைகளுக்குப் பகல் சாப்பாடு சமைக்கிற வேலை எனக்கும் ஜெசிந்தா அக்காவுக்கும். அதற்கு முன் நான் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தேன்.

அன்றைக்கு வலயக் கல்விக் காரியாலயத்திலிருந்து ஒரு ஐயா வந்திருந்தார். டீச்சர்மார் எப்படிப் படிப்பிக்கிறார்கள் என்று பார்க்கிற வேலை அவருக்கு. காலில் சப்பாத்து முழுக்கச் சேறு. மழைத்தண்ணீர் ஓடுகிற கானுக்கு மேலே போட்டிருந்த சின்னப் பாலம் மழையில் உடைந்துவிட்டது. அதனால் மலையைச் சுற்றி நடந்து வந்திருந்தார்.

வீடியோ முடிந்தது. ஐயா கேட்டார்.

"சரி பிள்ளைங்களா. உங்க பாதை உடைஞ்சு கெடக்கு. நானே பார்த்துட்டுத்தான் வாறேன். யாருகிட்ட போய்ச் சொல்லுவீங்க?"

வாங்குப் பலகை இழுபடும் சத்தம் கேட்டது. யாரோ எழுந்தார்கள். குரல் வந்த பிறகுதான் அது என் மகள் தர்ஷிகா என்று தெரிந்தது.

"மொதல்ல ஊராட்சி மன்றத் தலைவர்கிட்ட சொல்லுவோம் சேர். அவர் செய்யலைன்னா கலெக்டர்கிட்ட மனு குடுப்போம். திங்கக்கிழம கலெக்டர் எல்லார்கிட்டயும் மனு வாங்குவாரு."

தடங்கலில்லாமல் சொன்னாள். நான் கரண்டியை நிறுத்திவிட்டுக் கேட்டேன். சந்தோஷமாக இருந்தது.

ஐயா சிரித்தார். கெட்ட சிரிப்பு என்று சொல்ல மாட்டேன். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"எந்தக் கலெக்டர்ம்மா? மதுரையா, திருச்சியா? நீங்க இன்னும் கப்பல்லயே நிக்கிறீங்களா?"

வகுப்பு முழுவதும் சிரித்தது. என்ன பகிடி என்று பாதிப் பேருக்குத் தெரிந்திருக்காது. ஐயா சிரித்ததால் சிரித்தார்கள்.

ஜெசிந்தா அக்கா என்னைப் பார்த்தாள். "என்னடி, தப்பாச் சொல்லிட்டாளா?"

"தெரியலக்கா" என்றேன். எனக்கும் தெரியாதுதான்.

டிவி வந்த கதை

குடியுரிமைக் கல்வி படிப்பிப்பது ரஞ்சனி டீச்சர். அப்புத்தளைப் பக்கத்துப் பிள்ளை. கைக்குழந்தைக்காரி. இரண்டு பஸ் மாறி வருவாள். சின்ன வயசு, ஆனாலும் டீச்சர், அதனால் நாங்கள் வாங்க போங்க என்றுதான் பேசுவோம்.

முன்பெல்லாம் அந்தப் பாடம் நடக்கும்போது சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு சத்தமும் இருக்காது. பிள்ளைகள் தூங்கி வழிவார்கள். அப்புறம் வெளிநாட்டில் இருக்கிற யாரோ ஒருவர் பள்ளிக்கூடத்துக்கு ஒரு டிவி கொடுத்தார். டீச்சர் வீட்டில் தன் போன் டேட்டாவில் வீடியோக்களை இறக்கிக்கொண்டு வந்து அதில் போட ஆரம்பித்தார். அதற்குப் பிறகு அந்த வகுப்பில் சத்தம் வந்தது. கேள்வி கேட்டார்கள். சண்டை போட்டார்கள்.

ஒருநாள் பாராளுமன்றம் பற்றி வீடியோ. முடிந்ததும் டீச்சர், "நான் ஸ்கூல் அதிபரைப் பார்த்துட்டு வாறேன். அதுக்குள்ள இந்த வகுப்பைப் பாராளுமன்றம் மாதிரி ஆக்கி வைங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

திரும்பி வந்து பார்த்தால் மேசை, வாங்கு எல்லாம் சுவரோரம். பிள்ளைகள் வரிசையாக நிற்கிறார்கள். எங்கள் லயத்து வரிசை வீடுகளில் இருக்கிற நிரோஷன் கோடு போடுகிற அடிமட்டத்தைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு முன்னால் நின்று பேர் கூப்பிடுகிறான். கூப்பிட்டவர்கள் கை தூக்குகிறார்கள்.

"என்னடா இது?"

"பாராளுமன்றம் டீச்சர். நான்தான் பிரதமர். வேல பிரிக்கிறேன்."

"பிரதமர் ஏண்டா பேர் கூப்பிடுறாரு?"

"கூப்பிடாட்டி யாரு வந்தா, யாரு வரலைன்னு எப்படித் தெரியும்?"

பெரட்டு. தோட்டத்தில் காலையில் எல்லாரையும் ஓரிடத்தில் கூட்டி, பேர் கூப்பிட்டு, இந்த மலைக்கு நீ, அந்த மலைக்கு நீ என்று வேலை கொடுப்பது. நாலு பேர் கூடி ஒருவர் முன்னால் நின்றால் அது பெரட்டுதான். எங்கள் பிள்ளைகள் வேறு எதைக் கண்டார்கள்? ஜெசிந்தா அக்கா சுவரில் எட்டிப் பார்த்துச் சிரித்ததில் சோற்றை அடி பிடிக்க விட்டாள்.

டீச்சரும் சிரித்தார். பிறகு வாங்குகளை எதிர் எதிராகப் போடச் சொன்னார். "இந்தப் பக்கம் இருக்கிறவங்க கேள்வி கேட்கலாம். அந்தப் பக்கம் பதில் சொல்லியே ஆகணும்" என்றார். பிள்ளைகள் அதை லேசில் நம்பவில்லை.

போனில் தமிழில் தேடினால் வருவதெல்லாம் தமிழ்நாட்டு வீடியோ. நம் நாட்டுப் பாடத்துக்கு உள்ளவை அனேகமாகச் சிங்களத்தில். உள்ளூராட்சி என்று டீச்சர் தேடியிருக்கிறார். நல்ல படங்களோடு ஒன்று வந்திருக்கிறது. குழந்தைக்குக் காய்ச்சல். முழுவதும் பார்க்காமல் கொண்டுவந்து போட்டுவிட்டார். ஊராட்சி மன்றமும் கலெக்டரும் அங்கேதான், இலங்கையில் அந்த வேலை பிரதேச சபைக்கு.

அந்தக் குரல் இந்திய டிவி நாடகத்தில் வருகிற குரல் மாதிரியே இருந்தது. எங்கள் வீட்டில் தினமும் கேட்கிற தமிழ்தான். யாருக்குச் சந்தேகம் வரும்?

கப்பல்

அன்றைக்கு வீட்டுக்குப் போகும்போது தர்ஷிகா கேட்டாள். "கப்பல்னா என்னம்மா? ஏன் அப்படிச் சொன்னாரு?"

"பழைய கத" என்றேன்.

பழைய கதைதான். இங்கே எழுதுகிறேன்.

தோட்டத்து ஆட்களை இரண்டு நாடும் பேசிப் பங்கு பிரித்தபோது என் அப்பாவுக்கு இந்தியா என்று எழுதினார்கள். அம்மாவின் பக்கத்துக்கு இலங்கை என்று கிடைத்தது. அந்தக் காலத்தில் வீட்டுக்கு வீடு இப்படித்தான். பெரியப்பா குடும்பத்தோடு போய்விட்டார். பண்டாரவளையில் ரயில் ஏறினார்கள். தலைமன்னாரில் கப்பல். ஸ்டேஷனில் பெண்கள் ஒருவர் கழுத்தை ஒருவர் பிடித்துக்கொண்டு அழுததை அம்மா சொல்லியிருக்கிறாள். ரயில் நகர்ந்தபோது ஒருத்தியின் வளையல் உடைந்து கையில் இரத்தம் வந்ததாம்.

அப்பாவின் முறை வருவதற்குள் நாட்டில் சண்டை வந்து கப்பல் நின்றுவிட்டது. அப்பா அதே லயத்தில், அதே காம்பரா அறையில் இருந்தார். இந்தியப் பாஸ்போர்ட் பால்மா டின்னுக்குள் இருந்தது.

தேர்தல் நாளில் அம்மா வெள்ளைப் புடவை கட்டிப் போவாள். அப்பா வீட்டில் இருந்து அடுப்பைப் பார்த்துக்கொள்வார். கோபப்பட்டு நான் கண்டதில்லை. "நீ போய்ட்டு வா, நான் தேங்கா துருவி வைக்கிறேன்" என்பார்.

பிறகு சட்டம் மாறியது. அப்பாவுக்கும் இந்த நாட்டுப் பத்திரம் வந்தது. முடி நரைத்த பிறகு முதல் ஓட்டு. நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். உள்ளே போனவர் லேசில் வெளியே வரவில்லை. எனக்குப் பயம் வந்துவிட்டது. வந்ததும் கேட்டேன்.

"என்னப்பா, ஏதும் பிரச்சனையா?"

"இல்ல. சும்மா அந்தத் தாளப் பாத்துக்கிட்டு நின்னேன்."

இதையெல்லாம் அந்த ஐயா அறியாதவர் இல்லை. அவரும் எங்கள் ஆள்தான். அவர் வீட்டிலும் யாராவது கப்பல் ஏறியிருப்பார்கள். அதனால்தான் அந்தப் பேச்சு அவர் வாயில் அவ்வளவு லேசாக வந்தது.

கலெக்டரம்மா

பேர் வைத்துவிட்டார்கள். முதலில் வகுப்பில். பிறகு லயத்தில். பீலியடியில் தண்ணீர் பிடிக்கப் போனால் நிரோஷன், "கலெக்டரம்மா, தண்ணி கம்மியா வருது. மனு எழுதட்டா?" என்பான். கொழுந்துக்குப் போகிற பெண்களும் சும்மா இல்லை. "அடியே, திங்கக்கிழமைக்கு எங்க சம்பளத்தையும் கேட்டு வையி." யாருக்கும் கெட்ட எண்ணம் கிடையாது. ஒவ்வொருத்தரும் ஒரு தரம்தான் சொன்னார்கள். அவளுக்கு அது நாள் முழுக்க.

ஒரு காலை அவள் உடுப்பு மாற்றவில்லை.

"பள்ளிக்கூடத்துக்கு?"

"போகல."

"ஏன்?"

"நான் கொழுந்துக்கே போறேன்."

"உன் வயசுக்குப் பேர் பதிய மாட்டாங்க."

"அப்ப வீட்டுல இருக்கேன்."

நான் கிளம்பிவிட்டேன். எனக்குச் சமையலுக்கு நேரமாகிவிட்டது. அடுத்த நாளும் அப்படியே. அதற்கடுத்த நாளும்.

கொழும்பில் கடையில் வேலை செய்கிற என் வீட்டுக்காரர் போனில், "ரெண்டு அடி போட்டு அனுப்பு" என்றார். அடித்து அனுப்பினால் உடம்பு போகும். வாய் திறக்காது.

எனக்கு என்ன பயம் என்று சொல்கிறேன். நான் படிப்பை விட்டது ஒரு மழைக்காலத்தில். யாரும் நிறுத்தவில்லை. தம்பிக்கு அம்மை, ஒரு வாரம் போகவில்லை. அடுத்த வாரம் போக வெட்கமாக இருந்தது. அப்புறம் போகவில்லை. அவ்வளவுதான் நடந்தது. வீட்டில் நிற்கிற பெண் பிள்ளையைத் தேடி யாராவது வருவார்கள். கொழும்பில் நல்ல வீடு, குழந்தையைப் பார்த்துக்கொண்டால் போதும் என்பார்கள். என் கூடப் படித்தவர்களில் அப்படிப் போனவர்கள் உண்டு.

பாதிச் சுவருக்கு அந்தப் பக்கம் பாடம் நடந்தது. அவள் குரல் இல்லை.

டீச்சர் வந்தார்

ஒரு பின்நேரம் ரஞ்சனி டீச்சர் எங்கள் லயத்துக்கு வந்தார். அவரும் மலையைச் சுற்றித்தான் வந்தார். செருப்பைக் கையில் பிடித்திருந்தார். நான் பிளேன்டீ போட்டேன். தர்ஷிகா உள் காம்பராவை விட்டு வரவில்லை.

டீச்சர் அவளுக்குக் கேட்கும்படி என்னிடம் பேசினார்.

"அக்கா, அவ சொன்னதுல ஒரு பிழையும் இல்ல. வீடியோவுல சொன்னத அப்படியே சொன்னா. பிழையான வீடியோவப் போட்டது நான். ஐயாகிட்டயும் அதச் சொல்லிட்டேன்."

"ஐயா என்ன சொன்னாரு?"

"டிவிய மூடி வச்சுட்டுப் புத்தகத்தப் படிப்பிங்கன்னாரு."

"அப்ப டிவி இல்லையா?"

"இருக்கும். நம்ம நாட்டு வீடியோ கிடைக்கலைன்னா நம்மளே எடுப்போம். ஹல்துமுல்லை பிரதேச சபைக்குப் பிள்ளைங்களக் கூட்டிட்டுப் போறேன். பிள்ளைங்க கேள்வி கேட்கட்டும். போன்ல பிடிச்சு வகுப்புல போடுறேன். கூட வர ஒரு அம்மா வேணும். நீங்க வாறீங்களா?"

"ஜெசிந்தா அக்கா நல்லாப் பேசுவாங்க. அவங்களக் கூப்பிடுங்க."

"பேச ஆள் இருக்கு அக்கா. நீங்க வாங்க."

சரி என்றேன். டீச்சர் தேத்தண்ணியைக் குடித்துவிட்டுப் போனார்.

கேள்வி கேட்க நிரோஷனைப் போட்டிருந்தார்கள். போவதற்கு முதல் நாள் அவன் எங்கள் வாசலுக்கு எதிரில் உலாத்திக்கொண்டு பாடமாக்கினான்.

"பிரதேச சபையின் பிரதான பணிகள் யாவை? பிரதேச சபையின் வருமான மூலங்கள் யாவை?"

திரும்பத் திரும்பச் சொன்னான். எனக்கே பாடமாகிவிட்டது.

உள்ளேயிருந்து குரல் வந்தது. "அதக் கேட்டா புத்தகத்துல இருக்கிறதத்தான்டா சொல்லுவாங்க. பாலத்தக் கேளு."

"எந்தப் பாலம்?"

"தெனம் சுத்திக்கிட்டுப் போறியே, அந்தப் பாலம்."

"நீ வந்து கேளேன், கலெக்டரம்மா."

நான் அரிசி புடைத்துக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்க்கவில்லை.

காலையில் அவள் வெள்ளை உடுப்போடு நின்றாள். தலையைப் பின்னிவிடச் சொன்னாள். பின்னிவிட்டேன்.

சபையில்

பஸ்ஸில் எல்லாரும் பாட்டுப் பாடினார்கள். அவள் கண்ணாடிப் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தாள். மீரியபெத்த மலை சரிந்து லயங்கள் புதைந்த பிறகு மழைக்காலத்தில் எங்களில் யாரும் மேட்டைப் பார்க்காமல் பயணம் போவதில்லை. அன்றைக்கு வெயில்.

சபையின் செயலாளர் சிங்களவர். நல்ல மனுஷன். எழுந்து நின்று பிள்ளைகளை வரவேற்றார். எல்லாருக்கும் டொபி மிட்டாய் கொடுத்தார். தமிழ் தெரிந்த ஒரு கிளார்க் அம்மாவைப் பக்கத்தில் இருத்திக்கொண்டார். டீச்சர் போனைப் பிடித்தார்.

நிரோஷன் பாடமாக்கியதைக் கேட்டான். பணிகள் யாவை, மூலங்கள் யாவை. செயலாளர் சொல்லச் சொல்ல அந்த அம்மா தமிழில் சொன்னார். குப்பை எடுப்பது, விளக்குப் போடுவது, பாதை திருத்துவது. எல்லாம் புத்தகத்தில் உள்ளதுதான். பிள்ளைகள் டொபி உரித்தார்கள்.

"வேற கேள்வி?" என்று செயலாளர் கேட்டார்.

நிரோஷன் பின்னால் திரும்பித் தர்ஷிகாவைப் பார்த்தான். அந்தப் பார்வையில் கிண்டல் இருந்ததா, கெஞ்சல் இருந்ததா எனக்குத் தெரியாது.

அவள் எழுந்தாள். அந்த அம்மாவுக்கு வேலை வைக்காமல் சிங்களத்திலேயே கேட்டாள். அவளுக்கு அவ்வளவு சிங்களம் வரும் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். எனக்கு விளங்கிய மட்டும் தமிழில் எழுதுகிறேன்.

"எங்க லயத்துக்கும் பள்ளிக்கூடத்துக்கும் நடுவுல பாலம் உடைஞ்சு கெடக்கு. அத யார் கட்டணும்?"

"எந்தத் தோட்டம்?"

சொன்னாள்.

"அது தோட்டத்துப் பாதை, மகள். தோட்டத்து ஆபீஸில் சொல்லணும்."

"எங்க அம்மா சொன்னாங்க. ஆபீஸ்ல சபைக்குப் போகச் சொன்னாங்க."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் தலையாட்டினேன். சொன்னது உண்மைதான். ஆபீஸ் ஐயா சபை என்றார். சபை என்றால் எங்கே, யார் என்று நான் கேட்கவில்லை. திரும்பி வந்துவிட்டேன்.

செயலாளர் பொறுமையாகச் சொன்னார். முன்பெல்லாம் சபை தோட்டத்துக்குள் வந்து வேலை செய்யச் சட்டத்தில் இடமில்லையாம். இப்போது சட்டம் மாறிவிட்டதாம். செய்யலாம். ஆனால் முதலில் தோட்ட நிர்வாகத்தோடு பேச வேண்டுமாம்.

அத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். அவர் மேசையில் இருந்த பேனையை மூடினார். தர்ஷிகா உட்காரவில்லை.

"அவங்களோட யார் பேசணும்? நாங்களா, நீங்களா?"

செயலாளர் வாயைத் திறந்தார். மூடினார். கிளார்க் அம்மாவைப் பார்த்தார். அந்த அம்மா மேசையைப் பார்த்தார். வெளியே ஒரு லொறி கியர் மாற்றி மேடு ஏறிப் போனது. ஒரு பிள்ளை கையில் டொபிக் கடதாசி சரசரத்தது. டீச்சர் போனை இறக்கவில்லை.

உட்கார் என்று அவளுக்குக் கண் காட்டலாமா என்று நினைத்தேன். ஒரு பெரியவரை இப்படி நிற்க வைத்துக் கேட்டதை நான் என் வாழ்க்கையில் கண்டதில்லை. அவள் என் பக்கம் திரும்பவே இல்லை.

"நாங்கதான்" என்றார் செயலாளர். பிறகு இன்னொரு முறை, மெதுவாக, "நாங்கதான் பேசணும்."

"எப்ப பேசுவீங்க சேர்?" என்று நிரோஷன் கேட்டான். அதற்கு எல்லாரும் சிரித்தார்கள். செயலாளரும் சிரித்தார்.

பிறகு

பாலம் இன்னும் கட்டவில்லை. சபையிலிருந்து ஆள் வந்து நாடா பிடித்து அளந்துகொண்டு போனார்கள். தோட்டத்து ஆபீஸ் ஐயாவும் கூட நின்றார். இரண்டு பேரும் ஒன்றாக நின்று அந்தக் கானைப் பார்த்ததை நான் முதல் தடவையாகக் கண்டேன். அதற்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியாது.

கலெக்டரம்மா என்ற பேர் போகவில்லை. இப்போது அப்படிக் கூப்பிட்டால் அவள் திரும்பிப் பார்க்கிறாள், அவ்வளவுதான்.

வீடியோவை வகுப்பில் போடுவதற்கு முன் டீச்சரும் பிள்ளைகளும் போனைச் சுற்றி உட்கார்ந்து அதைச் சரி செய்தார்கள். படம் ஆடுகிற இடங்கள், இருமல், டொபி கொடுத்த இடம் எல்லாவற்றையும் வெட்டினார்கள். நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன்.

"இந்த எடத்துல யாருமே பேசல டீச்சர். சும்மா ஓடுது. வெட்டிருவோமா?" என்றான் நிரோஷன்.

"வெட்டலாம். நீளமாத்தான் இருக்கு" என்றார் டீச்சர்.

"வெட்டாதீங்க டீச்சர்" என்றாள் தர்ஷிகா. "அதுலதான் அவரு யோசிச்சாரு."

வெட்டவில்லை.